ஆடுற இறக்கையும் அரைகுறை ஞானமும்

"இறக்கை இந்த ஆட்டம் ஆடுதே, இது தாங்குமா?" என்று ஒரு கோஷ்டி. "ஆடினாத்தாங்க பலம், வளையாதது உடைஞ்சிடும்" என்று இன்னொரு கோஷ்டி. வீட்டு கராஜில் சொந்தமாக விமானம் கட்டுகிற அமெரிக்க ஆசாமிகள் நடுவில் இந்தச் சண்டை ரொம்ப வருஷமாக ஓடுகிறது. அலுமினியக் கட்சி முதல் கோஷ்டி. ஃபோமும் எபாக்சியும் வைத்து இழைக்கிற காம்போசிட் கட்சி இரண்டாவது.

என் கட்சி: ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. ஆனால் ரெண்டு தப்பும் ஒன்றல்ல. முதல் கோஷ்டி பயந்து போய் ஏறாமல் விட்டுவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது கோஷ்டியின் தப்பு ஆளைக் கொல்லும். அதனால் இன்றைய கச்சேரி முழுக்க இரண்டாவது கோஷ்டிக்குத்தான்.

டிஸ்கி முதலிலேயே போட்டுவிடுகிறேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு சாப்ட்வேரில் பொட்டி தட்டுகிறவன் நான். விமானம் கட்டியவனில்லை. நான் பேசப்போவது மூன்றாம் வருஷப் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். அதைக்கூட படிக்காமல் இறக்கையில் கைவைக்கிறார்களே என்பதுதான் என் வயித்தெரிச்சல்.

சங்கதி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. பர்ட் ரூட்டன் என்று ஒருத்தர். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கடை விரித்தவர். 1975-ல் வேரிஈஸி என்று ஒரு குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார், 1979-ல் அதன் அண்ணன் லாங்-ஈஸி. இதில் என்ன புதுமை என்றால் அச்சே கிடையாது. ஸ்டைரோஃபோம் கட்டையை மின்சாரத்தில் சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுக்க வேண்டியது, மேலே கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி எபாக்சி தடவ வேண்டியது, காய விட வேண்டியது. வெல்டிங் வேண்டாம், ரிவெட் வேண்டாம். ஒரு கத்திரிக்கோலும் பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தால் போதும். ரூட்டன் வரைபடத்தை விற்றார், ஜனங்கள் வாங்கிக் கட்டினார்கள். 1985-ல் அவர் வரைபட விற்பனையை நிறுத்திக்கொண்டார். விமானங்கள் நிற்கவில்லை, இன்றைக்கும் பறக்கின்றன.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பலம் வேறு, விறைப்பு வேறு. இந்த ஒரு வரியை மனசில் ஏற்றிக்கொண்டால் பாதி சண்டை தீர்ந்தது. எவ்வளவு பாரத்தில் உடையும் என்பது பலம். ஒரு பாரத்துக்கு எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. நம்மூர் கட்டட வேலையில் மூங்கில் சாரம் கட்டுவார்களே, கொத்தனார் கால் வைத்தால் அது வளையும், அவர் பாட்டுக்கு வெற்றிலை மென்றுகொண்டு நடப்பார். வளைகிறது, உடையவில்லை. சாக்பீஸ் வளையவே வளையாது, பட்டென்று போய்விடும். ஆக, வளைகிறதே என்று பயப்படுகிற அலுமினியக் கட்சிக்குப் பதில் சொல்லியாயிற்று. 2010 மார்ச்சில் போயிங் 787-ன் காம்போசிட் இறக்கையைச் சோதனைக் கூடத்தில், பறக்கையில் எதிர்பார்க்கிற அதிகபட்ச பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்த்தபோது அது ஏறக்குறைய 25 அடி மேலே வளைந்தது. உடையவில்லை. ரூட்டன் 1977-ல் வடிவமைத்துக் கொடுத்த க்விக்கியில் சக்கரங்களே முன்னிறக்கையின் இரு நுனிகளில் இருக்கும். தரையிறங்கும்போது அந்த முன்னிறக்கைதான் ஸ்ப்ரிங். வளைவதற்கென்றே செய்தது.

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்" என்று இரண்டாவது கோஷ்டி குதிப்பது தெரிகிறது. உக்காருங்க சாமி, இனிமேதான் உங்களுக்கு.

இறக்கை இரண்டு விதமாக அசையும். மேலும் கீழும் வளைவது ஒன்று. நுனி முறுக்கிக்கொள்வது இன்னொன்று, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. முதலாவது கண்ணுக்குத் தெரியும், வயிற்றைக் கலக்கும், பெரும்பாலும் சாது. இரண்டாவது கண்ணுக்கே தெரியாது. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி. எமன் அதில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

எப்படி என்றால், இறக்கை முறுக்கினால் காற்றைச் சந்திக்கும் கோணம் மாறும். கோணம் மாறினால் தூக்குவிசை மாறும். தூக்குவிசை மாறினால் இறக்கை இன்னும் வளையும், இன்னும் முறுக்கும். இந்த வளைவும் முறுக்கும் ஒன்றோடொன்று தாளம் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் காற்றிடமிருந்து கொஞ்சம் சக்தியை உறிஞ்சும். இதற்குப் பேர் ஃப்ளட்டர். பழைய டவுன்பஸ் ஜன்னலில் தொங்குமே தார்ப்பாய், பஸ் மெதுவாகப் போகையில் சும்மா கிடக்கும், ஒரு வேகம் தாண்டியதும் படபடவென்று வெறி பிடித்து அடிக்கும். நடுவில் மிதமான நிலை என்று ஒன்று கிடையாது. இறக்கைக்கும் அப்படித்தான். அந்த வேகம் வரை ஒன்றும் இருக்காது. தாண்டினால் சில வினாடிகளில் இறக்கை இருக்காது.

கவனியுங்கள், இதற்கும் பலத்துக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. விறைப்பு, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, வேகம், இந்த மூன்றும்தான் கணக்கு. "என் இறக்கை மேல இத்தனை மணல் மூட்டை அடுக்கினேன், அசரல" என்கிறவரின் இறக்கையும் ஃப்ளட்டரில் போகலாம். மணல் மூட்டை ஆடாது அய்யா, காற்று ஆட்டும்.

இங்கே எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிற துருப்புச் சீட்டு வாயேஜர். பர்ட் ரூட்டன் வடிவமைத்து, அவருடைய அண்ணன் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் 1986 டிசம்பர் 14-ல் கிளம்பி, எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகத்தைச் சுற்றி 23-ம் தேதி இறங்கிய விமானம். இறக்கை நீளம் 33 மீட்டருக்கு மேல், வெற்றுக்கூட்டின் எடை 430 கிலோகூட இல்லை. கிளம்பும்போது எரிபொருள் பாரத்தில் இறக்கை நுனிகள் தொங்கி எட்வர்ட்ஸ் தளத்தின் ஓடுபாதையில் தேய்ந்தன. நுனியிலிருந்த விங்லெட் இரண்டும் பிய்ந்து போயின. ஆனாலும் ஒன்பது நாள் பறந்தது. "பாத்தீங்களா, எவ்ளோ வளைஞ்சும் ஒண்ணும் ஆகல!"

ஆகாமல் இருந்ததற்குக் காரணம் வளைவு நல்லது என்பதல்ல. எவ்வளவு வளையும் என்று தெரிந்து, அதற்கேற்ற வேகத்தில், அதற்கேற்ற கையோடு ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 186 கிலோமீட்டர்தான். பாரம் நிறைந்திருக்கையில் இறக்கையின் ஆட்டமும் மூக்கின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொண்டு அந்த விமானம் எவ்வளவு படுத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் லாங்-ஈஸி மணிக்கு 290 கிலோமீட்டர் சுமாரில் போகிற வண்டி. வாயேஜரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும்.

இன்னும் வேண்டுமா? நாசாவின் ஹீலியோஸ். ஆளில்லாத சூரியசக்தி விமானம், இறக்கை 75 மீட்டர். 2003 ஜூன் 26, ஹவாய். காற்றுக் கொந்தளிப்பில் இறக்கை வில் மாதிரி மேலே வளைந்து அப்படியே நின்றது. அந்த வளைந்த வடிவத்தில் மூக்கு ஏறி இறங்குகிற ஆட்டம் அடங்காமல் பெருகியது. வேகம் எல்லை தாண்டி, மேலுறை கிழிந்து, கடலில் விழுந்தது. இத்தனைக்கும் வளைவதற்கென்றே கட்டிய இறக்கை. கணினியும் நிபுணரும் கைவசம் இருந்த இடத்திலேயே இந்தக் கதி. கராஜ்காரர் மட்டும் "ஆடினா பலம்" என்று பழமொழி சொல்லிவிட்டுப் போகலாமா?

இப்போது நான் உண்மையில் சண்டைக்கு வந்த இடம்: கார்பன் பைத்தியம்.

வரைபடத்தில் கண்ணாடி இழை என்று போட்டிருக்கிறது. நம்ம ஆள் யோசிக்கிறார். "கண்ணாடி பழசு. கார்பன் ஒஸ்தி. ஸ்பார் மேல ரெண்டு அடுக்கு கார்பன் கூடப் போட்டா ஆட்டம் குறையும், பலம் கூடும், சொர்க்கம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போடுவோமா?

ஒரே திசையில் இழை ஓடும் கண்ணாடி-எபாக்சியின் விறைப்பு சுமார் 40 ஜிகாபாஸ்கல். அதே மாதிரி கார்பன்-எபாக்சி சுமார் 130. பத்துப் பங்கு கண்ணாடி மேல் ஒரு பங்கு கார்பன் ஒட்டுகிறீர்கள். இரண்டும் ஒட்டியிருப்பதால் ஒரே அளவுதான் நீள முடியும். ஆக பாரம் விறைப்புக்கேற்ப பங்காகும்: கண்ணாடிக்கு 400, கார்பனுக்கு 130. பதினொன்றில் ஒரு பங்காக இருக்கிற கார்பன், மொத்த பாரத்தில் கால்வாசியை இழுத்துக்கொள்கிறது. ஒரே நுகத்தடியில் முரட்டுக் காளையையும் சாதுவான மாட்டையும் பூட்டின கதை. கண்ணாடி இழை அறுவதற்கு முன் நாலு சதவீதத்துக்கு மேல் நீளும். சாதாரண கார்பன் இழை ஒன்றரை சதவீதம் சுமாரில் கைவிட்டுவிடும். முரட்டுக் காளைதான் முதலில் விழும். விழுந்த நொடியில் அதன் பாரம் முழுக்க சாது மாட்டின் தலையில். அது போக, கார்பன் அடுக்கு முடிகிற இடத்தில் பாரம் திடீரென்று கண்ணாடிக்குக் கை மாற வேண்டும். அந்த இடத்தை வரைபடம் போட்டவர் கணக்கில் வைக்கவே இல்லை, ஏனென்றால் அவர் வரைபடத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. ஸ்பாரில் கார்பன் போட்டால் மேல்-கீழ் வளைவின் விறைப்பு ஏறும். முறுக்கு விறைப்பு? அது ஸ்பாரில் இல்லை, பெரும்பாலும் 45 டிகிரி குறுக்கில் போடும் மேலுறைத் துணியில் இருக்கிறது. அது ஏறவில்லை. வழக்கமாக வளைவின் அதிர்வெண் கீழேயும் முறுக்கின் அதிர்வெண் மேலேயும், ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். நீங்கள் வளைவை மட்டும் விறைப்பாக்கி இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறீர்கள். ரெண்டும் தாளம் பிடிக்க வசதி. அதாவது, கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் குறையும், ஃப்ளட்டர் முன்னைவிட குறைந்த வேகத்தில் வரலாம். பாதுகாப்பு கூடியதாக நினைத்துக்கொண்டே எல்லையை நோக்கி நடக்கிறீர்கள். இன்னும் சிலர் துணியை மிச்சம் பிடிக்க 45 டிகிரித் துணியை நேராகவே போட்டுவிடுவதும் உண்டு. அந்த உறையின் முறுக்கு விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மணல் மூட்டைக்கு அது தெரியவே தெரியாது.

கார்பன் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் மாணவர்கள் 1969-ல் எஸ்.பி-9 என்று 22 மீட்டர் கண்ணாடி இழை இறக்கையோடு ஒரு கிளைடர் பறக்கவிட்டார்கள். அது ஃப்ளட்டரில் ஆடியதைப் படமே பிடித்து வைத்திருக்கிறார்கள். அடுத்து 1972-ல் வந்த எஸ்.பி-10, 29 மீட்டர். அதில் கார்பன் போட்டார்கள். பழைய இறக்கை மேல் ரெண்டு அடுக்கு ஒட்டி அல்ல. முறையாகக் கணக்குப் போட்டு. மாணவர்கள்தான் அவர்களும்! கராஜ்காரருக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் காசு இல்லை, ஒழுங்கு.

கண்ணாடிக்கு இன்னொரு பெரிய குணம் உண்டு, யாரும் மதிப்பதில்லை. பெயிண்ட் அடிக்கும் முன் அது ஒளி ஊடுருவும். எபாக்சி ஊறாத இடம், காற்றுக் குமிழ், ஒட்டாமல் போன இடம் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். புதுசாகக் கட்டுகிறவன் தன் தப்பைத் தன் கண்ணாலேயே பார்க்கலாம். கார்பன் கரிக்கட்டை. உள்ளே என்ன நடந்தது என்று அதுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். போதாக்குறைக்கு அலுமினியத்தோடு ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியத்தை அரிக்கும். கண்ணாடி உறைக்குள் புதைத்து வைக்கிற செப்புப் பட்டை ஆன்டெனாவை மறைத்துவிடும். ஒஸ்தியாம் ஒஸ்தி!

"தம்பி, இது எக்ஸ்பெரிமென்டல் வகை விமானம். பரிசோதனை பண்றதுக்குத்தான் அந்தப் பேரே. ரூட்டனும் எல்லாரும் போன வழியில போயிருந்தா வேரிஈஸி வந்திருக்குமா?"

இதுதான் அவர்கள் தரப்பில் இருக்கிற ஒரே நல்ல கேள்வி. மரியாதையாகவே பதில் சொல்கிறேன். ஆமாம், அமெரிக்கச் சட்டம் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. பெரும்பகுதி வேலையை நீங்களே, கற்றுக்கொள்வதற்கும் பொழுதுபோக்குக்குமாகச் செய்திருந்தால் போதும். இறக்கையின் பலத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். அந்தச் சுதந்திரம் எனக்குப் பிடித்த விஷயம். அது இல்லையென்றால் இந்தத் துறையே இல்லை.

ஆனால் ரூட்டன் யார்? எட்வர்ட்ஸ் தளத்தில் அமெரிக்க விமானப்படைக்குச் சோதனைப் பறப்பு எஞ்சினியராக வேலை பார்த்தவர். காற்றுச் சுரங்கத்துக்குக் காசில்லாதபோது மாடலைக் கார் கூரை மேல் பொருத்தி, ரோட்டில் ஓட்டி அளந்தவர். அவர் மாற்றினார், அளந்தார், பிறகு பறந்தார். நீங்கள் மாற்றுகிறீர்கள், பறக்கிறீர்கள். நடுவில் ஒன்று காணோமே? அளக்காத பரிசோதனைக்குப் பேர் பரிசோதனை இல்லை, லாட்டரி. நான் இருக்கிற தொழிலில் டெஸ்ட் பண்ணாமல் நேராக ப்ரொடக்‌ஷனில் கோடு மாற்றுகிறவனுக்கு என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும். அங்கே சர்வர்தான் விழும்.

வரைபடத்தை மீறுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் பாடகர் ஜான் டென்வரை நினைத்துக்கொள்ளுங்கள். 1997 அக்டோபர் 12, மான்டரே விரிகுடா, லாங்-ஈஸி. கட்டியவர் எரிபொருள் மாற்றும் குமிழை வரைபடத்தில் காட்டிய இடத்தில் வைக்காமல் ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பறந்துகொண்டே திரும்பி அதைத் திருப்புவது கஷ்டம். இது இறக்கை விஷயமில்லைதான், ஆனால் வியாதி ஒன்றே. அவர் பார்வையில் அது ஒரு சின்ன முன்னேற்றம். செத்தது அதைக் கட்டியவர் அல்ல, பின்னால் வாங்கியவர்.

திட்டிக்கொண்டே இருந்தால் போதுமா, என்னதான் பண்ணச் சொல்றே என்கிறீர்களா? வளைவு நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தை மூடுங்கள். வளைவு ஓர் எண். அதை அளந்து எழுதி வையுங்கள்.

1. கட்டி முடித்ததும், விமானத்தை அசையாமல் தாங்கி நிறுத்திவிட்டு, இறக்கை நுனிக்கருகே தெரிந்த எடையை வையுங்கள். எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது? இடது எவ்வளவு, வலது எவ்வளவு? இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் இரண்டு இறக்கையும் ஒரே இறக்கை இல்லை.

2. நுனியில் ஒரு கட்டையை முன்பின்னாகக் கட்டி, அதன் முனையில் எடை தொங்கவிட்டு எத்தனை டிகிரி முறுக்குகிறது என்று பாருங்கள். ஒரு டிஜிட்டல் மட்டம் போதும். இதே வரைபடத்தில் மாற்றாமல் கட்டியவரின் இறக்கையோடு ஒப்பிடுங்கள்.

3. எய்லரான், எலிவேட்டருக்குப் பெயிண்ட் அடித்த பிறகு சமன் எடையை மறுபடி சரிபாருங்கள். கீலுக்குப் பின்னால் ஏறுகிற ஒவ்வொரு கிராமும் ஃப்ளட்டருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

4. வெள்ளை பெயிண்ட் என்றால் வெள்ளைதான். அடர்நிறம் பாலைவன வெயிலில் 80 டிகிரியைத் தொடும். அறைச் சூட்டில் இறுகிய எபாக்சி அங்கே இளகும், உள்ளே ஃபோமும் தாங்காது. அழகுக்காக விறைப்பை விற்காதீர்கள்.

5. வருஷா வருஷம் அதே எடை, அதே இடம், அதே அளவு. எண் ஏறினால் உள்ளே எங்கோ விட்டுப்போகிறது என்று அர்த்தம். அலுமினியமாவது சுருங்கிக் காட்டும், தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் கருப்பாய்க் கோடு போடும். காம்போசிட் அவ்வளவு சுலபத்தில் வாய் திறக்காது. அது நம்மோடு பேசுகிற பாஷைகளில் இந்த வளைவு ஒன்று.

இதையெல்லாம் செய்தால் ஃப்ளட்டர் வராது என்று உத்தரவாதமா? இல்லை. முறையான கணக்கும் அதிர்வுச் சோதனையும் செய்யாமல் மாற்றிய இறக்கைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கணக்குப் போடத் தெரியாதா, வரைபடத்தைத் தொடாதே. தெரியுமா, தாராளமாக மாற்று, எண்ணைக் காட்டு. இடைப்பட்ட வழி எதுவும் இல்லை.

"என் விமானம், என் உசுரு, உனக்கென்ன?" என்பவருக்குக் கடைசியாக. உங்கள் விமானத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும்: இது அமெச்சூர் கட்டியது, சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்பட்டதல்ல என்று. சட்டம் அதை யாருக்காக ஒட்டச் சொல்கிறது? உங்களுக்காக இல்லை, அது உங்களுக்கே தெரியும். பின் சீட்டில் உட்காரப்போகிற மச்சினனுக்காக, பக்கத்து வீட்டுப் பையனுக்காக. அவன் அந்தப் பலகையைப் படிப்பான், சிரிப்பான், உங்களை நம்பி பெல்ட்டை மாட்டுவான். ஸ்பாருக்குள் நீங்கள் நல்லெண்ணத்தில் ஒட்டிய ரெண்டு அடுக்கு கார்பன் எந்தப் பலகையிலும் இருக்காது.

பி.கு: "நீ ஒரு விமானம் கட்டிட்டு வந்து பேசு" என்று கிளம்பப்போகிறவர்களுக்கு: மேலே உள்ள கணக்கில் 130-க்கும் 40-க்கும் பதிலாக உங்கள் துணிக்கான எண்களைப் போட்டுப் பாருங்கள். நான் கட்டினால் மட்டும் விடை மாறாது :-)